கர்னாய்க்காரரின் மார்பில் ஒரு மாதுளை முத்து

ஒருவருடைய மூச்சு யாருக்குச் சொந்தம்? மூக்கும் நெஞ்சும் அவருடையவை, ஆகவே மூச்சும் அவருடையதுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் தாஷ்கண்டிலிருந்து மலை தாண்டி இருக்கும் மார்கிலானில், எங்கள் தெருவில் குடியிருக்கும் கம்பராலியின் வாழ்க்கையைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பதில் அவ்வளவு சுலபமாக வராது. நாற்பது வருடங்களாக எங்கள் பக்கத்துக் கல்யாணங்கள் அவர் மூச்சில்தான் தொடங்கின. விடியற்காலைப் பலாவ் சோற்று விருந்துக்கு ஊரைக் கூப்பிட்டதும் அதுதான். மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டார் என்று மணப்பெண் தெரிந்துகொண்டதும் அதைக் கேட்டுத்தான்.

அவர் பெரிய கலைஞர் என்று நான் சொல்லமாட்டேன். அவரைவிட நன்றாகக் கர்னாய் ஊதுகிறவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் மூன்று பேராவது இருக்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். அந்த மூவரின் பெயரையும் ஒரு வசவோடு சேர்த்துத்தான் சொல்வார். பட்டு ஆலையில் தறி மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கறாரான ஆள், சட்டென்று கோபம் வரும். ஆனால் ஒப்புக்கொண்ட வாசலில் அவர் கர்னாய் ஒலிக்காமல் போனதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கர்னாய் ஆள் உயரத்தைத் தாண்டிய பித்தளை எக்காளம். விரல் வைக்க அதில் துளை கிடையாது. உதடும் மூச்சும்தான் எல்லாம். எப்போதும் இரண்டு பேர் ஜோடியாக நின்று ஊதுவார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் எடுத்துக்கொள்வார். வாசலில் நிற்பவர்களுக்கு அறுபடாத ஒரே சத்தமாகக் கேட்கும். கம்பராலியின் ஜோடி இல்யாஸ். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு. சின்ன வெள்ளை டமாஸ் வேன் ஓட்டிப் பிழைக்கிறவர். முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக ஊதியும் ஒருவரை ஒருவர் பாராட்டி நாங்கள் கேட்டதில்லை.

வம்பு இல்யாஸ் வாயிலிருந்துதான் ஆரம்பித்தது. ஒரு வசந்த காலத்தில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுக்கிற பஸ் சந்தைத் திடலுக்கு வந்து நின்றது. கம்பராலி முள்ளங்கி வாங்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போகப் பார்த்தார்.

"எங்க ஓடுற அண்ணே? உள்ள போய் நில்லு. உன் நெஞ்சுக்குள்ள என்னதான் இருக்குன்னு ஊரு பாக்கட்டும்."

"நீ எடுத்துட்டியா?"

"எடுத்தாச்சே. சிங்கம்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"உன் நெஞ்சையா? கிழிஞ்ச கோட்டு லைனிங்னுல்ல எழுதியிருக்கணும்!"

"பயம்னா பயம்னு சொல்லிட்டுப் போ. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

இல்யாஸ் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றால் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கம்பராலி முள்ளங்கிக் கட்டை அவர் கையில் திணித்துவிட்டு பஸ்ஸுக்குள் ஏறினார்.

படத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பெர்கானாவுக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். அறிக்கை ருஷ்ய மொழியில் இருந்ததால் படித்துச் சொல்ல என்னையும் கூட்டிப்போனார்கள். அப்படித்தான் இந்தக் கதைக்குள் நான் வந்தேன். டாக்டர் ஸமீரா நாற்பது வயதுப் பெண்மணி, நிதானமாகப் பேசுகிறவர். எங்கள் வழக்கப்படி கம்பராலியின் மனைவி இனாயத் டாக்டரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்: இவரை வெளியே அனுப்பிவிட்டு எங்களிடம் மட்டும் சொல்லுங்கள் என்று. கம்பராலி அதைப் பார்த்துவிட்டார்.

"கண்ணைக் காட்டுறதெல்லாம் வீட்டோட வச்சுக்க. டாக்டரம்மா, நெஞ்சு என்னோடது. என் முன்னாடியே சொல்லுங்க."

டாக்டர் அப்படியே செய்தார். "வலது நுரையீரல்ல, மேல் மடல்ல ஒரு முடிச்சு இருக்கு. ஒரு மாதுளை முத்து அளவுதான்."

"மாதுளைன்னா எங்க பக்கம் விசேஷத்துக்கு வைக்கிறதாச்சே."

"இந்த மாதிரி முடிச்சுல நெறைய ஒண்ணுமில்லாததுதான். எப்பவோ வந்துபோன காசநோயோட வடுவா இருக்கலாம். வேற எதுவாவும் இருக்கலாம். படத்தை மட்டும் பாத்து நான் அடிச்சுச் சொன்னா அது பொய். பழைய படம் ஏதாவது இருந்தா ஒப்பிட்டுப் பாக்கலாம்."

பட்டாளத்தில் இருந்தபோது எடுத்த படம் ஒன்று உண்டு. அந்தப் பட்டாளமும் அதை வைத்திருந்த நாடுமே இப்போது இல்லை. சிகரெட் பழக்கமும் அந்தக் காலத்தோடு போயிற்று என்றார் கம்பராலி. மூன்று மாதம் பொறுத்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம், அதற்குள் காசநோய்க்கான சோதனைகளைச் செய்துவிடலாம் என்றார் டாக்டர்.

"அதுவரைக்கும் ஊதலாமா?"

"ஊதுங்க. அதால கெடுதல் இல்ல."

அந்த மூன்று மாதத்தில்தான் கம்பராலியை நான் உண்மையில் கவனித்தேன். முடிச்சு வலிக்கவில்லை. வலித்திருந்தால் அதைத் திட்டவாவது முடிந்திருக்கும். ஒரு சத்தமும் போடாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒன்றோடு எப்படிப் பழகுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அதற்கு வாடகைக்காரன் என்று பெயர் வைத்தார். "வாடகைக்காரன் எப்படியிருக்கான்?" என்று இல்யாஸ் கேட்டால், "கதவைச் சாத்திட்டு உள்ளயே கெடக்கான். வாடகையும் கிடையாது, சண்டையும் கிடையாது" என்பார்.

வீட்டில் அவ்வளவு லேசாக இல்லை. அவர் ஒருமுறை இருமினால் சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிடும். அதனால் தோட்டத்துப் பக்கம் போய் இருமப் பழகினார். வளை தோண்டி வாழும் வளைக்கரடியின் கொழுப்பைச் சூடான பாலில் போட்டுக் குடிக்கச் சொல்லி ஒன்றுவிட்ட அத்தை ஒரு ஜாடி கொண்டுவந்தாள். துருக்கிக்குப் போகச் சொன்னார் ஒருவர். மருமகன் முறையுள்ள ஒருவன் இந்தியாவில் சென்னை என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே நெஞ்சைத் திறந்து மூடி ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்றான்.

"அந்த ஊருல கர்னாய் இருக்கா?"

"தெரியலயே மாமா."

"அப்ப என் நெஞ்சை அவன் எப்படிடா புரிஞ்சுப்பான்?"

கொழுப்பு ஜாடி அலமாரியிலேயே இருந்தது. கல்யாணங்களுக்கு அவர் போய்க்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார்: "ஊதும்போது அது இருக்குறதே ஞாபகம் வரல. ஊதி முடிச்சு கர்னாயக் கீழ இறக்குறேன் பாரு, அப்ப வருது." தைரியம், பயம் என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு இந்த மாதிரி ஒரு நிலையைப் பற்றிப் பேச முடியாது என்று எனக்குப் பட்டது.

இரண்டாவது ஸ்கேனில் முத்து சற்றுப் பெருத்திருந்தது. ஓரம் சொரசொரப்பாகத் தெரிந்தது. காசநோய் இல்லை என்று சோதனைகள் சொல்லிவிட்டன. தோள்பட்டை எலும்புக்குப் பின்னால், ரத்தக்குழாய் ஒன்றை ஒட்டி இருப்பதால் ஊசி விட்டுச் சதை எடுப்பது கஷ்டம் என்றார் டாக்டர்.

"தாஷ்கண்டுக்குப் போய் அதை எடுத்துப் பாத்துடறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன். ஆனா அதுக்கு முன்னாடி உங்களுக்கு மூச்சு எவ்வளவு இருக்குன்னு சோதிக்கணும். நுரையீரல்ல கொஞ்சம் போனாலும் தாங்குமான்னு தெரியணும்ல."

பல வாரங்களுக்குப் பிறகு கம்பராலியின் முகம் மலர்ந்தது. "மூச்சா? அதைப் பத்தி நீங்க கவலையே படவேணாம்."

சோதனை அன்று கல்யாணங்களுக்குப் போடுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். மெஷின் ஒரு டப்பா. அதிலிருந்து ஒரு குட்டைக் குழாய். அதன் நீளத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. சோதனை செய்கிற பெண் மூக்கில் கிளிப்பை மாட்டினாள். "நல்லா இழுத்து, ஒரே வேகமா ஊதுங்க. ஊதுங்க, ஊதுங்க! இன்னும்! நிறுத்தாதீங்க! இன்னும் இருக்கு!"

அவர் நிறுத்திவிட்டார். மறுபடி ஊதினார், மறுபடி அதே இடத்தில் நிறுத்தினார். மூன்றாவது முறையும் அப்படியே.

அவர் வயதுக்கு இருக்கவேண்டிய அளவில் பாதியைத்தான் சற்றுத் தாண்டியிருக்கிறது என்றது அறிக்கை. டாக்டர் அதை இருமுறை பார்த்தார். "இந்த அளவோட அனுப்பினா சர்ஜன் கை வைக்கத் தயங்குவாரு. ஆனா நீங்க முழுசா வெளிய விடலன்னு அந்தப் பொண்ணு குறிப்பு எழுதியிருக்கா. இன்னொரு நாள் வந்து ஊதிப் பாருங்களேன்."

"முழுசாத்தான் விட்டேன்."

"விட்டிருந்தா கோடு படுத்திருக்கும் அண்ணே. உங்களுது பாதியில வெட்டுன மாதிரி நிக்குது."

கம்பராலி எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தார். திரும்பும் வழியில் வேன் மார்கிலான் எல்லை தாண்டியதும் இல்யாஸால் அடக்க முடியவில்லை.

"முப்பது வருசமா நான் சொன்னேன், யாரும் நம்பல. ஒரு டப்பா சொன்னதும் எழுதியே குடுத்துட்டாங்க!"

"வேனை நிறுத்து. நான் நடந்து வர்றேன்."

வீட்டில் இனாயத் அழவில்லை. அவள் முகத்தில் ஒரு நிம்மதி கூட இருந்தது. மகன் பெயரை வைத்துத்தான் கணவரைக் கூப்பிடுவாள். "தானியார் அப்பா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. மெஷினே கத்தி வேணாம்னு சொல்லிடுச்சு. நாமளா போய் ஏன் நெஞ்சை நீட்டணும்? இருக்குறது இருக்கட்டும். எத்தன பேரு இதோட நடமாடுறாங்க!"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த எண் அப்படியே நின்றால் கத்தி கிடையாது. யாரும் அவரைக் கோழை என்று சொல்ல முடியாது, மூச்சும் குறையாது. ஆனால் வாடகைக்காரன் உள்ளேயே இருப்பான், பெருத்துக்கொண்டும் போகலாம். நன்றாக ஊதிக்காட்டினாலோ அறுவைக்கு அவரே கதவைத் திறந்துவிட்டது போலாகும். அங்கே போனால் எந்த மூச்சை நிரூபித்தாரோ அதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். ஆகவே தன் மூச்சு பாதிதான் என்று எழுதிய அந்தக் காகிதம் அவருக்கு அவமானமாகவும் இருந்தது, அடைக்கலமாகவும் இருந்தது. பெரும்பாலானவர்கள் அடைக்கலத்தை வைத்துக்கொள்வார்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அவரும் கொஞ்ச நாள் அதை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பிற்பகல் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது இல்யாஸ் வந்தார். உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், அடிக்க வராத. அந்த டப்பாவுல ஊதினியே, அடியில மிச்சம் வச்சியா?"

"மிச்சம் வைக்காம யாருடா ஊதுவான்?"

"அதான்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. மார்பைக் காலியாக்குகிற கர்னாய்க்காரனால் அடுத்த மூச்சை நேரத்துக்குப் பிடிக்க முடியாது, ஜோடி அறுந்துவிடும். அதனால் எப்போதும் அடியில் ஒரு பிடி மூச்சை வைத்துக்கொண்டுதான் நிறுத்துவார்கள். பதினைந்து வயதில் பழகியது. பிறகு யோசித்துச் செய்கிற காரியமாகவே அது இருக்கவில்லை. அந்தப் பெண் இன்னும் இருக்கிறது என்று கத்தியது சரி. முழுசாக விட்டேன் என்று இவர் சொன்னதும் பொய்யில்லை.

"சரி, இப்ப விடு. எல்லாத்தையும். நான் பாக்கறேன்" என்றார் இல்யாஸ்.

கம்பராலி மூச்சை இழுத்து விட்டார். நிறுத்தினார்.

"மிச்சம் இருக்கு."

"இல்ல."

"எனக்குத் தெரியாதா? இருக்கு. விடு. அடியில எதை ஒளிச்சு வச்சிருக்க? நாஸ் புகையிலை டப்பாவையா?"

மறுபடி விட்டார். தோள் இறங்கியது, வயிறு உள்ளே போனது, முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. நிற்கவேண்டிய இடத்தில் அவர் உடம்பு தானாக நின்றது. அதைத் தாண்ட அவர் படுகிற பாடு வெளியே தெரிந்தது. இல்யாஸ் பக்கத்தில் வந்து முதுகில் உள்ளங்கையை வைத்தார். "நான் இருக்கேன், விடு" என்றார். அந்தக் குரலில் கிண்டல் இல்லை. சீட்டியைப் போல மெல்லிய ஓர் ஓசையோடு கடைசிக் காற்றும் வெளியே வந்தது. அடுத்த மூச்சை அவர் வாங்கிய சத்தத்தில் இனாயத் உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

கம்பராலி கட்டிலில் உட்கார்ந்தார்.

"அடியில என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் இல்யாஸ்.

"ஒண்ணுமே இல்ல. ஒரே காலி." பிறகு, "பயமாத்தான் இருக்கு. ஆனா திரும்பி வந்துடுது" என்றார்.

அடுத்த வாரம் தானாகவே எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பெர்கானாவுக்குக் கிளம்பினார். இனாயத் வாசல்வரை வந்தாள். போகவேண்டாம் என்று சொல்லவில்லை, வழிக்கு ரொட்டியும் கொடுக்கவில்லை. சோதனை அறையில் அதே பெண். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும்..." என்று தொடங்கியவள் பாதியில் கத்துவதை நிறுத்திவிட்டாள். திரையில் கோடு ஏறி, வளைந்து, நீண்டு போய்ப் படுத்தது. பக்கத்து அறையிலிருந்த நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் வயதுக்கு நூறு இருக்கவேண்டிய இடத்தில் நூற்றுப் பன்னிரண்டு.

"படிச்சுச் சொல்லுங்க" என்றார் என்னிடம். சொன்னேன். "கொஞ்சம் சத்தமாப் படிங்க, இவனுக்குக் காது மந்தம்" என்று இல்யாஸைக் காட்டினார். மறுபடி படித்தேன். காத்திருந்தவர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இல்யாஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு, "மெஷின் கெட்டுப்போச்சு போல" என்றார். வேனுக்குத் திரும்பும்போது கம்பராலியின் நடையைப் பார்க்கவேண்டும். தன்னைக் கத்தியிடம் கொண்டுபோய் விடுகிற காகிதத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பரிசு வாங்கியவர்போல நடந்தார். அவரைப் பற்றி நான் பெருமைப்பட்டது அந்த நடையைப் பார்த்துத்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இலையுதிர் காலத்தில் டமாஸ் வேனிலேயே மலைக் கணவாயைத் தாண்டித் தாஷ்கண்ட் போனோம். மகன் தானியார் அங்கே எலெக்ட்ரீஷியனாக இருக்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தான். சர்ஜன் உயரமான, அவசரமில்லாத மனிதர். எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"முதல்ல முடிச்சையும் சுத்தியிருக்கற கொஞ்சத்தையும் மட்டும் எடுப்பேன். நீங்க தூங்கிட்டிருக்கும்போதே அதைச் சோதிச்சுச் சொல்லிடுவாங்க. நல்லதுன்னா தைச்சு மூடிடுவேன். கெட்டதுன்னா அந்த மேல் மடலை முழுசா எடுக்கறதுதான் பாதுகாப்பு. ஆனா மூச்சு குறையும். உங்க தொழில் என்னன்னு சொன்னாங்க. அதனால கேக்கறேன். அப்பவே எடுத்துடவா, இல்ல மூடிட்டு, நீங்க முழிச்சதும் உங்களைக் கேட்டுட்டு இன்னொரு நாள் எடுக்கவா?"

"அப்பவே எடுத்துடுங்க டாக்டர்" என்றான் தானியார்.

"உன்னைக் கேக்கலடா."

"எழுப்பிக் கேளுங்க ஐயா" என்றாள் இனாயத். "இவரைக் கேக்காம இவரு வீட்டுல ஒரு ஆணி அடிக்க முடியாது. நெஞ்சைக் கேக்காம எடுத்தா எங்களை உயிரோட விடமாட்டாரு."

சர்ஜன் சிரித்தார். "யாராவது ஒருத்தர் வெளிய நின்னு உங்களுக்காகச் சொல்றதா இருந்தாலும் சரிதான். பேரை மட்டும் இப்பவே சொல்லிடுங்க."

கம்பராலி எழுப்பிக் கேட்கச் சொல்வார் என்றுதான் நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்தோம். தன் வாயால் தவிர வேறு யார் வாயாலும் தன் விஷயம் பேசப்படுவதைப் பொறுக்காத மனிதர் அவர். ஆனால் அவர் கையை நீட்டி, கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்த இல்யாஸைக் காட்டினார்.

"இவன் சொல்லட்டும்."

"நானா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா அண்ணே? வீட்டுக்காரி இருக்காங்க, பெத்த பிள்ளை நிக்கிறான்!"

"பேரை எழுதிக்கோங்க" என்றார் கம்பராலி சர்ஜனிடம்.

மறுநாள் சர்ஜன் நடுவில் வெளியே வந்தார். கெட்டதுதான், ஆனால் சின்னது, எங்கும் பரவினதாகத் தெரியவில்லை என்றார். இல்யாஸ் எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"முழுசா எடுத்தா, ஊதுவாரா?"

"ஊதலாம். பழைய நீளம் இருக்காது."

இல்யாஸின் உதடு கொஞ்சம் அசைந்தது. இனி எவ்வளவு சீக்கிரம் தான் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று கணக்குப் போடுகிறவரைப் போல இருந்தார். பிறகு, "எடுங்க" என்றார்.

இரண்டு வருடமாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறார்கள். இதுவரை ஒன்றும் இல்லை. கம்பராலி மறுபடியும் வாசல்களில் நிற்கிறார். அவர் சீக்கிரம் விடுகிறார், இல்யாஸ் சீக்கிரம் எடுத்துக்கொள்கிறார். வாசலில் நிற்பவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தானியார் மட்டும் அடுத்த நோன்புப் பெருநாள்வரை அப்பாவிடம் சரியாகப் பேசவில்லை. இனாயத் ஒருநாள் என் முன்னாலேயே கேட்டாள்: "நாப்பது வருசம் கூட இருந்தவ நான். என்னை விட்டுட்டு அவன் பேரை ஏன் சொன்னீங்க?" கம்பராலி காலிக் கோப்பையை அவள் பக்கம் தள்ளி, "டீ ஊத்து" என்றார். வேனில் போகும்போது இல்யாஸும் கேட்டுப் பார்த்தார். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லிவிட்டார் கம்பராலி.